பரணில் கிடந்த இரட்டைக்குழல்

தொண்டி மருமகள்:

என் மாமனாரிடம் 'பன்னிரண்டு போர்' (bore) என்ற குழல் அளவில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய லைசென்ஸ். சீமைக்கருவேலங் காட்டிலிருந்து பன்றிகள் வயலில் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், அவ்வளவுதான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். கடைசியாக 2024 மக்களவைத் தேர்தல் முடிந்து வீட்டுக்கு வந்தது.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பரண் நினைவுக்கு வந்தது. "வெறும் துப்பாக்கிதான். அப்பா தோட்டாவைத் தனியாகப் பீரோவில் வைப்பார்" என்றார் என் கணவர். எட்டாவது படிக்கும் என் மகன் அதைக் காக்கி உறையோடு தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினான். குழல் நேராக அடுப்படியைப் பார்த்தது. அங்கே என் நாத்தனார் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

எதிர்வீட்டு மாமா ஓய்வுபெற்ற ஹவில்தார். ஒரு சத்தம் போட்டுப் பையனிடமிருந்து வாங்கினார். வாங்கியதும் குழலை ஆளில்லாத கொல்லைப்புறத்து மண்மேட்டை நோக்கித் திருப்பினார். பிறகுதான் உறையைக் கழற்றினார். ஆள்காட்டி விரல் விசைப் பக்கமே போகவில்லை. மேலிருந்த சிறு பிடியைத் தள்ளி மடக்கப் பார்த்தார், துருவேறி இறுகியிருந்தது. தொடையில் ஊன்றி அழுத்தியதும் திறந்தது. உள்ளே இரண்டு பித்தளை வட்டங்கள், இரண்டிலும் களிம்பு. வலப்பக்கத்துத் தோட்டாவின் நடுவில் ஊசி குத்திய குழி இருந்தது. இடப்பக்கத்தில் குழி இல்லை.

இரண்டையும் எடுத்துவிட்டுக் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். வலது குழல் வழியாக வானம் தெரிந்தது. இடது குழல் ஒரே இருட்டு. வாயோரம் குளவி மண்கூடு கட்டியிருந்தது. "இது வெடித்திருந்தால் எதிரில் நிற்பவரோடு போயிருக்காது, குழல் கிழிந்து பிடித்தவன் கையும் போயிருக்கும்" என்றார்.

நாத்தனார் அப்போதும் மீன்தான் ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கீழக்கரைக் காவலாளி:

தங்கச்சி, உங்கள் மாமனார் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைத் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றால் வாரிசு பிறகு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வானத்தைப் பார்த்துச் சுடுவதும் நல்ல பழக்கமில்லை; போனது எங்காவது விழத்தான் செய்யும். கல்யாணம், திருவிழா என்று கொண்டாட்டத்துக்குச் சுட்டு ஆட்களுக்கு ஆபத்து உண்டாக்கினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

நான் ஒரு வங்கியில் காவலுக்கு இருந்தவன். ஒருநாள் டீ வந்தது என்று என்னோடு இருந்தவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். மொசைக் தரை, கட்டை வழுக்கியது. குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி, வெளியே தெரியும் பழைய மாடல்; குதிரை தரையில் அடிபட்டு வெடித்துவிட்டது. ரவை முழுவதும் கூரையில். அன்றிலிருந்து ஷிப்ட் மாறும்போது மணல் நிரப்பிய பெட்டிக்கு நேராகக் குழலைப் பிடித்துத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பார்ப்போம். கொடுப்பவர் "காலி" என்று சொன்னாலும் வாங்குபவர் மறுபடி திறப்பார். இதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நம் கரையில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. துணி உறையும் தோல் உறையும் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்பின் மேலேயே வைத்திருக்கும். உறை வெளியே எடுத்துப் போக மட்டும். வீட்டில் எண்ணெய் மெல்லிசாகத் துடைத்துப் பூட்டுள்ள இரும்புப் பீரோவில் வையுங்கள். தோட்டா வேறு பூட்டில். சாவி ஆணியில் தொங்கினால் அந்தப் பூட்டு எதற்கு?

தங்கச்சிமடத்துக்காரன்:

எங்களிடம் துப்பாக்கி இல்லை, ஆனாலும் கதை உண்டு. 2018 ஜூனில் எங்கள் ஊர் அந்தோணியார்புரத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் கிடைத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். இலங்கைப் போர்க் காலத்தில் புதைத்தவை என்றார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் அப்பா வலைக்கு ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். தம்பி மகள் பழைய ஈயக்குண்டுப் பெட்டியைக் கிளறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பச்சை பூத்து விரல் நீளத்தில் ஒன்று வந்தது. அப்பா கை நீட்டியவர் அப்படியே நிறுத்தினார். எப்போதோ கரையில் பொறுக்கியதை ஈயம் என்று பெட்டியில் போட்டிருக்கிறார். எத்தனை முறை அந்தப் பெட்டி அடுப்பருகே இருந்ததோ! குழந்தை கையிலிருந்து மெதுவாக வாங்கி மணலில் வைத்தார். அடுப்பை அணைத்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, போலீசுக்குப் போன் செய்தோம். அவர்கள் வரும்வரை யாரும் பக்கத்தில் போகவில்லை.

தொண்டி மருமகள்:

நேற்று ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டோம், அண்ணன். வெடிக்காத தோட்டாவையும் கணக்கில் எழுதினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார் பாக்கு வெட்டுவதை நிறுத்தினார். "போன தையில் ஒரு ராத்திரி பன்றி வந்ததே, அப்போது ரெண்டு போட்டுக்கொண்டு போனார். ஒன்றுதான் வெடித்தது. மறுநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல்" என்றார்.