மறுமொழி: ‘செயற்பாட்டுக் கண்காணிப்பு’க்கு மாற்றாகச் ‘செயலுணர்தல்’

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

கையடக்கத் தொலைபேசி, கைக்கடிகாரம் போன்றவற்றைக் கொண்டு ஒருவர் நடக்கிறாரா, படியேறுகிறாரா, படுத்திருக்கிறாரா என்று அறியும் துறைக்கு ‘மனிதச் செயற்பாட்டுக் கண்காணிப்பு’ என்ற பெயர் இங்கே முன்மொழியப்பட்டுள்ளது. அதிலுள்ள ‘கண்காணிப்பு’ பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

தொலைபேசியிலுள்ள ஆர்முடுகல்மானி (தமிழக நண்பர்களுக்கு முடுக்கமானி) வேகம் மாறும் வீதத்தை மூன்று அச்சுகளில் அளவெடுக்கிறது. மேசையில் அசையாமல் கிடக்கும்போதும் புவியீர்ப்பின் விளைவாக ஏறத்தாழ 9.8 மீ/செ² என்ற அளவை அது காட்டுவதால், கருவி எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. கடிகாரத்தின் அடிப்புறத்துப் பச்சை ஒளியைத் தோலின் கீழுள்ள குருதி உறிஞ்சும் அளவு துடிப்புக்குத் துடிப்பு மாறுவதிலிருந்து நாடி கணிக்கப்படுகிறது. இவை தருவன எண்கள் மட்டுமே. அவ்வெண்களைச் சில செக்கன் (நொடி) நீளத் துண்டுகளாக்கி, ‘இது நடத்தல்’, ‘இது இருத்தல் (உட்கார்ந்திருத்தல்)’ என்று மென்பொருள் பெயரிடுவது அடுத்த படி. முன்னதை உணர்தல் என்றும் பின்னதை இனங்காணல் என்றும் பிரித்தே வழங்க வேண்டும்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதற்கு நம் இலங்கைத் தேயிலை மலைகளே சான்று. ஆய்வாளர் பலர் எடுத்தாளும் ஒரு தரவுத்தொகுதி, 30 பேரின் இடுப்பில் தொலைபேசியைக் கட்டி, செக்கனுக்கு 50 தடவை அளந்து உருவாக்கப்பட்டது. அதிலுள்ள செயல்கள் ஆறு: நடத்தல், படியேறல், படியிறங்கல், இருத்தல், நிற்றல், படுத்தல். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பில் அதே கருவியைக் கட்டினால் என்ன ஆகும்? செங்குத்தான சரிவில் கால் ஊன்றி நின்று, இரு கைகளாலும் இடைவிடாமல் பறித்து, தலையில் கயிறு மாட்டிய கூடைக்குள் பின்புறமாகப் போடும் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி, அந்த ஆறு பெயர்களுக்குள் ‘நிற்றல்’ என்றே பதிவாகக்கூடும். கருவி உணர்ந்தது பிழையன்று. இனங்காணும் மென்பொருளுக்குக் ‘கொழுந்து பறித்தல்’ கற்பிக்கப்படவில்லை. மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் கையசைவைப் பிடிக்குமாயினும், அதற்கும் அந்தப் பெயரை யாரேனும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

‘கண்காணிப்பு’ இந்த இரு படிகளையும் ஒன்றாகக் குழப்புவதோடு, பார்ப்பவர் ஒருவர் மேலே இருப்பதாகவும் பொருள் தருகிறது. ‘கண்காணி’ என்பதே திரிந்து ‘கங்காணி’ (தோட்டத் தொழிலாளரை மேற்பார்ப்பவர்) ஆயிற்று என்பதை மலையகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. வேலை செய்பவரின் பேரைச் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஏற்றுவதா, அரைப் பேராக (அரை நாள் வேலையாக) குறைப்பதா என்ற கணக்கோடு தலைமுறைகளாகப் பிணைந்த சொல் அது. முதியவர் வழுக்கி விழுந்ததை வீட்டாருக்குத் தெரிவிக்கும் கடிகாரத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டினால், எங்கள் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அதை யார் விரும்பி அணிவார்? ஒரு நிருவாகம் உண்மையாகவே தொழிலாளரைக் கருவிகொண்டு வேவு பார்த்தால், அதைக் குறிக்கக் ‘கண்காணிப்பு’ என்ற சொல் கூர்மை குன்றாமல் நமக்குத் தேவைப்படும்.

ஆகவே துறைக்குச் ‘செயலுணர்தல்’, பெயரிடும் படிக்குச் ‘செயல் இனங்காணல்’ என்று முன்மொழிகிறேன். ‘செயலுணர்வு’ சுருக்கமானதுதான், ஆனால் மனவுணர்ச்சி என்ற பொருள் குறுக்கிடும். ‘நடமாட்டம்’ என்று தொடங்கினால் இருத்தலும் படுத்தலும் விடுபட்டுப்போகும். உடலில் அணிவனவற்றுக்கு ‘அணிகருவி’ போதும். இலங்கைப் பாடநூல்களுக்குப் பழகிய ‘செயற்பாடு’ என்ற சொல்லையே வைத்து ‘செயற்பாட்டுணர்தல்’ என்பதை விரும்புவோர் இருந்தால், வகுப்பறையில் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின் எழுதுங்கள்.