கையால் செய்த பரிசும் வீட்டைத் தேடி வந்த பறவைகளும்: அனுபவப் பகிர்வு

மன்னார்குடி வட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

கடையில் வாங்காமல், தம் கையாலேயே செய்து ஒருவர் உங்களுக்குக் கொடுத்த பொருள், உங்கள் தோட்டத்துக்கோ மாடிக்கோ பறவைகளை அழைத்து வந்ததுண்டா? அத்தகைய அனுபவம் உள்ளவர்கள் அதை இங்கே விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பங்காக, என் மாமனார் ஆண்டுதோறும் தை மாதத்தில் பின்னித் தரும் நெற்கதிர்க் குஞ்சத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் நடக்கும். புதுக்கதிரில் ஒரு பிடியை வீட்டு வாசல் நிலையில் கட்டித் தொங்கவிடுவது முன்பு ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருந்த வழக்கம். வீட்டுக்கு லட்சுமி வந்ததன் அடையாளம் என்பார்கள். குருவிக்கு உரிய பங்கு என்றும் சொல்வார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு இது குறைந்துபோனது. இயந்திரத்தின் வாயில் புகுந்த கதிர் நெல்லாகவும் கசங்கிய வைக்கோலாகவும் பிரிந்துதான் வெளியே வருமே தவிர, தாளோடு கூடிய முழுக் கதிர் கிடைப்பதில்லை. அதனால் மாமனார் வயலின் ஒரு மூலையை இயந்திரம் தொடாதபடி விட்டுவைத்து, அங்கே மட்டும் அரிவாளால் அறுத்து எடுத்து வருவார்.

தாள் நன்றாகக் காய்ந்துவிட்டால் மடங்காமல் ஒடியும் என்பதால், மணி முற்றியும் தாளில் பச்சை மிச்சமிருக்கும் பருவத்தில் அறுக்க வேண்டும். மேல் உறையை உரித்துவிட்டு, மூன்று தாள்களை ஒன்றாகச் சேர்த்துப் பின்னத் தொடங்குவார். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு புதுத் தாளை இணைத்துக்கொண்டே போவார். கதிர்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தொங்க, பின்னல் மறுபக்கம் பட்டையாக நீளும். போதுமான நீளம் வந்ததும் அதை வட்டமாகச் சுருட்டி, அடுக்கடுக்காக வைத்து வாழைநாரால் கட்டினால் குஞ்சம் தயார். பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் இந்த வேலையில், ஒரு மணிகூடக் கொட்டாமல் பின்னுவதுதான் தேர்ச்சி. அவர் விரல்கள் கதிரைத் தொடுவதே இல்லை. தாளை மட்டுமே பிடிக்கும்.

என் நாத்தனாருக்குத் தலைப்பொங்கல் சீர் அனுப்பியபோது, கரும்பு, மஞ்சள்கொத்து, வெண்கலப் பானையோடு இப்படி ஒரு குஞ்சத்தையும் மாமனார் வைத்தார். சென்னைப் புறநகரில் இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. வந்த உறவினர்களில் சிலர் அதை வரவேற்பறைச் சுவரில் அலங்காரமாக மாட்டச் சொன்னார்கள். நாத்தனார் பால்கனியில்தான் கட்டினாள். முதலில் வந்தது அணில். பிறகு சிட்டுக்குருவிகள் வந்தன, அவற்றைத் தொடர்ந்து புள்ளிச்சில்லைகளும் வந்தன. குருவி மணியைக் கதிரிலிருந்து இழுத்து, அலகுக்குள்ளேயே உருட்டி, உமியைத் தள்ளிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கும். சில்லை கதிரின் நுனியில் தலைகீழாகத் தொங்கியே தின்னும். தரையில் விழுந்து கிடக்கும் உமியைப் பெருக்குவதில் அவளுக்கு இருக்கும் மகிழ்ச்சியைத் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், சீர்வரிசையில் மாமனார் எதற்கு முதலிடம் கொடுத்தார் என்பது எனக்குப் புரிகிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மா, உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். நான் மரவேலை தெரிந்தவன். பணி ஓய்வுக்குப் பிறகு சிட்டுக்குருவிக் கூடுகள் செய்து, திருமணங்களுக்கும் புதுமனை புகுவிழாக்களுக்கும் மொய்யோடு சேர்த்துக் கொடுத்து வருகிறேன். மார்ச் 20 அன்று உலகச் சிட்டுக்குருவி நாள் 2010 முதல் கடைப்பிடிக்கப்படுவதால், அந்த மாதத்தில் கேட்பவர்கள் அதிகம்.

பறவைக்கென்று ஒரு பொருளைச் செய்யும்போது, அது நம் கண்ணுக்கு அழகாக இருப்பதைவிடப் பறவையின் தேவைக்குப் பொருந்துவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. வாசலுக்குக் கீழே ஒரு குச்சி, பளபளக்கும் வண்ணப்பூச்சு, குட்டி ஓட்டுக்கூரை என்று அலங்கரித்த கூடுகள் நிறையக் கிடைக்கின்றன. குருவிக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை. காக்கையும் பூனையும்தான் அதைப் பற்றிக்கொள்ளும். நான் துளையை 32 மில்லிமீட்டர் விட்டத்தில் போடுகிறேன். குருவி நுழைவதற்கு அது போதும், மைனாவால் நுழைய முடியாது. உட்புறம் இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டால் குஞ்சுகள் நகம் பதித்து ஏறி வர முடியும். அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் நீர் வடியச் சிறு துளைகளும், கூரைக்குக் கீழே காற்றுப் போக ஒரு இடுக்கும் வைக்க வேண்டும். மேல்பலகையைத் திறந்து மூடும்படி அமைத்தால், குஞ்சுகள் பறந்துபோன பிறகு பழைய வைக்கோலை எடுத்துச் சுத்தம் செய்யலாம். எட்டு முதல் பத்தடி உயரத்தில், பிற்பகல் வெயில் படாத சுவரில், மின்விசிறிக்கு எட்டாத இடத்தில் மாட்ட வேண்டும். குருவிகள் கூட்டமாக வாழ்பவை என்பதால் ஒரு வீட்டுக்கு இரண்டு கூடுகளாகவே கொடுக்கிறேன்.

கூட்டோடு ஒரு காகிதப் பொட்டலத்தில் அவரை விதையும் வைப்பேன். வாங்குபவர்கள் வியப்போடு பார்ப்பார்கள். வளர்ந்த குருவி தானியம் தின்றாலும், குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் முதல் உணவு. அவரைப் பந்தல் போட்டால், கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும். அசுவினி வந்தால் பலரும் மருந்தடிக்க ஓடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பந்தலில் அசுவினி அப்பிய கொழுந்துத் தண்டில் ஒரு பெண் குருவி பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகக் கொத்தி, அலகு நிறைந்ததும் கூட்டுக்குப் பறந்து, அடுத்த நிமிடமே திரும்பி வருவதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு இரண்டு வாரத்தில் பறக்கத் தயாராகிவிடும். அந்த இரண்டு வாரமும் இந்த ஓட்டம் நிற்பதில்லை. மருந்தடித்த தோட்டத்தில் எவ்வளவு நல்ல கூட்டை மாட்டினாலும் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது. ஆகவே விதையையும் சேர்த்துக் கொடுப்பதே முழுமையான பரிசு என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

கோவை ஐயா எழுதியதை வாசித்ததும் எனக்கு அம்மம்மாவின் தலையணை நினைவுக்கு வந்தது. எங்கள் வளவில் ஓர் இலவமரம் நிற்கிறது. காய் வெடிக்கும் காலத்தில் அம்மம்மா பஞ்சை எடுத்து, விதை நீக்கி, வெயிலில் காயவைத்து, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தன் கையால் தைத்த உறையில் அடைத்துத் தலையணை செய்து தருவார். மிஞ்சிய பஞ்சைச் சிறிய பனையோலைக் குட்டான் ஒன்றில் போட்டுக் கிணற்றடியில் செவ்வரத்தைக் கொப்பில் கட்டிவிடுவார். ஏன் என்று சிறு வயதில் கேட்டதற்கு, வளவில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் படுக்கை வேண்டும்தானே என்றார்.

அந்தப் பஞ்சை எடுக்க வருவது தேன்சிட்டு. உடுப்புக் காயப்போடும் கம்பியின் நுனியில் அது கூடு கட்டத் தொடங்கியபோது, குசினி யன்னலில் இருந்து முழுவதையும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதலில் சிலந்தி வலையைக் கொண்டுவந்து கம்பியைச் சுற்றி ஒட்டியது. பிறகு மெல்லிய நார்களை அதில் கோத்துக் கீழ்நோக்கித் தொங்கும் பையாக வளர்த்தது. உள்ளே தானே புகுந்து, நெஞ்சால் அழுத்திச் சுழன்று, பையை அகலமாக்கியது. பக்கவாட்டில் ஒரு வாசல், அந்த வாசலுக்கு மேலே மழை படாதபடி நீட்டிய ஒரு தாழ்வாரம். வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துண்டுகளையும் காய்ந்த சருகுகளையும் பாசியையும் ஒட்டிவிட்டதால், எட்ட நின்று பார்ப்பவருக்குக் கம்பியில் சிக்கிய குப்பை போலத்தான் தெரியும். கடைசியாக உள்ளே இலவம்பஞ்சு. வேலை முழுவதையும் செய்தது ஏறக்குறைய பெண் பறவை மட்டும்தான். நிறம் மின்னும் ஆண் பறவை அருகே இருந்து பாடிக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்த பிறகு இரண்டும் இரை கொண்டுவந்தன. குஞ்சுகள் பறந்துபோகும் வரைக்கும் உடுப்புகளை வேலியில் காயப்போட்டோம்.

பறவைக்குப் பஞ்சு வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலவம்பஞ்சு, எருக்கம்பஞ்சு, தேங்காய் நாரின் சிறு துண்டுகள் ஆகியவற்றை மட்டும் வையுங்கள். நைலோன் நூல், தையல் நூல், தலைமுடி ஆகியவற்றை வைக்கவே வேண்டாம். குஞ்சின் காலில் சுற்றி இறுகிக் காலையே இழக்கச் செய்துவிடும்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எனக்குக் கிடைத்தது மண்சட்டி. மானாமதுரையில் மண்பாண்டம் வனையும் குடும்பத்தில் பிறந்த என் தோழி, என் பிறந்தநாளுக்காகத் தானே சக்கரத்தில் வனைந்து சுட்டுத் தந்தாள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அகன்ற வாயும் இரண்டு அங்குல ஆழமும் கொண்ட அந்தச் சட்டியின் விளிம்பை அவள் வேண்டுமென்றே தடிப்பாகவும் சொரசொரப்பாகவும் விட்டிருந்தாள். பீங்கான் தட்டில் வழுக்கும் கால் இதில் வழுக்காது. சித்திரை வெயிலில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, ஒன்று குளிக்க மற்றவை முறை காத்திருக்க, சட்டி காலியாகும்வரை நகராது. தினமும் காலையில் நீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுநீர் ஊற்றுகிறேன். அப்படிச் செய்தால் கொசுப்புழு வளர வழியில்லை.

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020ஆம் ஆண்டு, தெருவிளக்கின் மின்பெட்டிக்குள் கூடு கட்டிய ஒரு சிறு பறவைக்காக, குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கு எரிக்காமல் இருந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கையால் செய்து கொடுப்பதைப் போலவே, வேண்டியதை விட்டுக்கொடுப்பதும் பரிசுதான் என்று அந்த ஊர் மக்களை நினைக்கும்போது தோன்றுகிறது.

மன்னார்குடி வட்டத்திலிருந்து மீண்டும்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. கோவை ஐயாவின் அளவுகளைத் தாளில் எழுதி எங்கள் ஊர்த் தச்சரிடம் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்து அம்மம்மாவைப் பற்றி மாமனாரிடம் வாசித்துக் காட்டினேன். மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

2015 முதல் தமிழகத்தில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டுத் தோட்டத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் கேட்ட குரல்களையும் பட்டியலிட்டு, இபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். எங்கள் வீட்டில் கதிர்க் குஞ்சம் கட்டுவதும் அதே நாட்களில்தான் என்பதால், பிள்ளைகள் குஞ்சத்தின் அடியிலேயே நின்று பட்டியலைத் தொடங்கிவிடுகிறார்கள். சிட்டுக்குருவி, சில்லை, கொண்டைக்குருவி, குண்டுகரிச்சான், செம்போத்து என்று எழுதிவிட்டார்கள். கொல்லையில் ஓயாமல் கத்தும் தையல்சிட்டின் கூடு மட்டும் கண்ணில் படவில்லை. எங்கே தேடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து மீண்டும்:

அம்மா, உயரத்தில் தேடாதீர்கள். கத்தரி, சுண்டை போன்ற அகன்ற இலையுள்ள செடிகளில், பெரும்பாலும் இடுப்பளவு, தோளளவு உயரத்தில்தான் அது கட்டும். இலையின் மேற்புறம் வெளியே தெரியும்படி வளைத்துத் தைப்பதால் நேராகப் பார்த்தால் சாதாரண இலையாகவே தெரியும். ஓரங்களில் பஞ்சுப் பொட்டுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிள்ளைகள் இலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. தள்ளி நின்று, தாய்ப்பறவை எந்தச் செடிக்குள் நுழைகிறது என்று பார்த்தாலே இடம் தெரிந்துவிடும்.