புதுப்பிப்பு: திறவுகோலில் பொருந்தாத மண்வாழ் சிற்றுண்ணி

இலைமக்கிலிருந்து பெர்லீஸ் புனல் (இலைமக்கிலுள்ள சிற்றுயிரிகளைப் பிரித்தெடுக்கும் கருவி) வழியாகப் பிரித்தெடுத்த ஒரிபாட்டிட் சிற்றுண்ணி (மண்ணிலும் இலைமக்கிலும் வாழும் நுண்ணிய உயிரி) ஒன்று எந்த அடையாளத் திறவுகோலிலும் (பண்புகளை ஒப்பிட்டு இனத்தைக் கண்டறிய உதவும் பட்டியல்) பொருந்தவில்லை என்றும், அது புதிய இனமாக இருக்கக்கூடும் என்றும் முன்பு எழுதியிருந்தேன்.

மாதிரிகளை லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து உடலைத் தெளிவாக்கிய பிறகு, குழிவுள்ள கண்ணாடித் தகட்டில் வைத்து வேண்டிய கோணங்களில் உருட்டிப் பார்க்க முடிந்தது. முன்னுடலின் இருபுறக் குழிகளிலிருந்து எழும் உணர்மயிரின் தலை, இது சேரும் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) இதுவரை விவரிக்கப்பட்ட இனங்களில் உள்ளதுபோல் நடுவில் தடித்து இருமுனையும் குறுகிய கதிர் வடிவில் இல்லாமல் உருண்டையாக இருக்கிறது. முதுகுத் தகட்டு மயிர்களின் அமைவும் வேறுபடுகிறது. முதிர்ந்த மாதிரிகள் அனைத்திலும் இவை மாறாமல் இருப்பதையே வலுவான சான்றாகக் கருதுகிறேன். ஒற்றை மாதிரியை நம்பிப் பெயரிடுவது ஆபத்தானது.

ஆறுகால் இளவுயிரியும் அதையடுத்த 3 இளம்பருவங்களும் முதிர்ந்த உருவிலிருந்து பெரிதும் மாறுபடுவதால், அவற்றையும் வரைந்து வருகிறேன். பல இனங்களின் விவரிப்பில் இப்பகுதி விடுபட்டிருப்பது உண்மையிலேயே பெரிய குறை.

1999-க்குப் பின் வெளியாகும் இனப்பெயர்களுக்கு, வகைமாதிரியை (இனப்பெயருக்கு ஆதாரமாக அமையும் மாதிரி) வெளிப்படையாகக் குறிப்பிடுவது விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி கட்டாயம். எனவே அந்த வகைமாதிரி பிற ஆய்வாளர்களும் பார்க்கக்கூடிய பொதுச் சேகரிப்பு ஒன்றில் வைக்கப்படும். கட்டுரை முறையாக வெளியாகும்வரை பெயரை இங்கே எழுத மாட்டேன்.