"புரிஞ்சதா?" என்றால் தலையாட்டுகிறார்கள், அதோடு சரி

ஈரோட்டு டீச்சர்:
மாற்றலாகி பாம்பன் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். "புரிஞ்சதா?" என்று கேட்டால் "புரிஞ்சது டீச்சர்" என்று கோரஸ் வருகிறது. தாளைத் திருத்தினால் பாதி வெள்ளை. பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டியைத் திறந்தால் மிட்டாய்த் தாள்தான் கிடக்கிறது. இடைவேளையில் இதே பிள்ளைகள் போடும் சத்தம் ரோடு வரை கேட்கிறது. என்னிடம் மட்டும் ஏன் பேச்சில்லை?

மண்டபம் வாத்தியார் (ஓய்வு):
அந்தக் கேள்விக்கு வேறு என்னம்மா பதில் வரும்? பருவக்காற்றுப் பாடத்தில், கச்சான் காற்று அடித்தால் வடகடல் கொந்தளிக்குமா, தென்கடலா என்று கேட்டுப் பாருங்கள். கடைசி பெஞ்சில் சண்டையே நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றை அப்புறம் அதிலேயே சொருகிவிடலாம். பெட்டியை வராந்தாவில் மாட்டினால் யார் போடுவான்? எல்லார் கண்ணும் அங்கேதான்.

தங்கச்சிமடத்துக்காரன்:
நான் அந்தக் கடைசி பெஞ்சுதான், டீச்சர். விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் விடியலில் கரைக்கு வரும். உங்கள் வகுப்பில் யார் தூங்குகிறான் என்று செவ்வாயும் வியாழனும் பாருங்கள். இருட்டோடு எழுந்து மீன் பிரித்துவிட்டு வந்திருப்பான். எங்கள் கணக்கு சார், தூங்குபவனை எழுப்பி, "நேத்து றால் பட்டுச்சாடா?" என்பார். திட்டு வரும் என்று பார்த்தால் விலை கேட்பார்! அந்த விலையை வைத்தே டீசல் செலவு, பங்கு என்று போர்டில் கணக்குப் போடுவார். இன்னொருத்தர், ஒரு பையன் தனியாக வந்து அவன் அப்பா குடிப்பதைச் சொன்னதை வகுப்பில் உதாரணமாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் எவனும் வாய் திறக்கவில்லை. பிள்ளை தனியாகச் சொன்னது உங்களோடு நிற்க வேண்டும். அடி, பயம் என்று பெரிதாக ஏதாவது சொன்னால் மட்டும் விஷயம் வேறு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

ஈரோட்டு டீச்சர்:
செவ்வாய்க்கிழமை முதல் பீரியடே எனக்குத்தான்! சரி, பெற்றோர் கூட்டத்துக்கும் யாரும் வருவதில்லையே?

கடல்பாசி எடுக்கிற அம்மா:
பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன் டீச்சர். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நாங்கள் தண்ணிக்குள் நிற்போம். சாயங்காலம் வையுங்கள், இல்லையென்றால் ஏப்ரல் 15-க்கு மேல் மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள், ஆம்பளைங்களும் கரையில் இருப்பார்கள். மகன் மார்க்கை மட்டும் எல்லார் முன்னாடியும் வாசிக்காதீர்கள்.