விண்டோஸ் 7: ஃபோர்மட் பண்ணாமல் வழி உண்டா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பழைய கொம்பியூட்டர், போன கிழமை ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து அடிக்கடி நீலத் திரையில் பிழைச் செய்தி வந்து நின்றுவிடுகிறது.

விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சோதித்துத் திருத்தும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளை கொடுத்தேன். 100 வீதம் வரை போய், பழுதான ஃபைல்கள் சிலவற்றைத் திருத்த முடியவில்லை, விவரம் எழுதிவைக்கும் சிபிஎஸ் லொக் (CBS.log) ஃபைலைப் பார் என்கிறது. பார்த்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம். பழுதைத் திருத்தும் இன்னொரு கட்டளையான டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் (DISM /RestoreHealth) விண்டோஸ் 8இலிருந்துதானாம். என் விண்டோஸ் 7இல் கொடுத்தால் 87ஆம் பிழை என்கிறது.

கடையில் ஃபோர்மட் பண்ணச் சொல்கிறார்கள். அப்பா பாமினி எழுத்துருவில் தட்டிய கோயில் கணக்கெல்லாம் அதற்குள்! (முதலில் அதைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன்.)

யாரிடமாவது விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் 32 பிட், சர்வீஸ் பேக் 1 டிவிடி இருக்கிறதா? அதை வைத்து ரிப்பேர் இன்ஸ்டோல் (நம் ஃபைல்களை அழிக்காமல் விண்டோஸை மேலேயே திரும்பப் போடுவது) செய்யும்போது நடுவில் நீலத் திரை வந்தால் என்னாகும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.