புதுப்பிப்பு: ரவையை வறுத்தால் கோதுமை ஒவ்வாமை வராதா?

கோதுமை ஒவ்வாமை உள்ள என் 4 வயது மகளுக்கு, சிவக்க வறுத்த ரவையில் உப்புமா கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முட்டை ஒத்துக்கொள்ளாத அக்கா பையன் கேக் சாப்பிடுகிறானே என்ற நம்பிக்கைதான்.

ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தோம். கூடாது என்றுவிட்டார். முட்டை, பால் புரதங்களில் பல சூட்டில் உருமாறிவிடும். அதனால்தான் நன்றாக வெந்த கேக் பல குழந்தைகளுக்கு ஒத்துப்போகிறது. கோதுமையின் புரதங்களான கிளையடின், குளுட்டெனின் அப்படி இல்லை. வெந்தாலும் ஒவ்வாமையைத் தூண்டும் பகுதிகள் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. ரொட்டியாகச் சுடும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, செரிக்கக் கடினமாவதும் உண்டு. பச்சை மாவைச் சுவாசித்து இளைப்பு வரும் பேக்கரித் தொழிலாளர் சிலர் ரொட்டியைத் தொல்லையில்லாமல் சாப்பிடுவார்கள். அது வேறு கணக்கு.

அப்புறம், வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு! தினமும் ரசத்தில் போட்டிருக்கிறேன். அவள் உதட்டோரம் அடிக்கடி வந்த சிவந்த தடிப்பு நினைவுக்கு வந்து வயிறு கலங்கிவிட்டது. இப்போது மாவு கலக்காத பெருங்காயமாகத் தேடி வாங்கியிருக்கிறேன். உப்புமா, அரிசி ரவையில்.