ரிமோட் வியூயிங் பதிவுகளை வெளியாளும் நம்பும்படி சேகரிப்பது எப்படி?

கேள்வி (எழிலன்):
ரிமோட் வியூயிங் (கண்ணுக்கு மறைத்து வைத்த படத்தை மனதால் உணர முடியுமா என்ற சோதனை) செய்யும் எங்கள் குழுவில் 6 பேர். ஒருவர் படத்தை உறையில் போட்டு வைப்பார், இன்னொருவர் மனதில் பட்டதை எழுதுவார். பிறகு உறையைப் பிரித்து, எழுதியவரே 0 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார். விரிதாளில் 140 அமர்வுகள் சேர்ந்துவிட்டன. இவை சான்றாக நிற்குமா?

பதில் (கணக்குப்பிள்ளை):
நிற்காது. அவற்றைப் பயிற்சிப் பதிவு என்று தனியே எடுத்து வையுங்கள். விடை தெரிந்தபின் மதிப்பெண் போட்டால் "நீலம், வளைவு" என்ற இரண்டு சொல் எந்தப் படத்துக்கும் பொருந்திவிடும்.

ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத 4 படங்கள் வையுங்கள்: அருவி, கோபுரம், இயந்திரம், விலங்கு என்பதுபோல. இலக்கு (அந்த அமர்வுக்குரிய படம்) எதுவென்று அறியாத நடுவர், எழுதிய பதிவோடு பொருந்தும் அளவை வைத்து நான்கையும் வரிசைப்படுத்தட்டும். இலக்குக்கு முதலிடம் கிடைத்தால் மட்டுமே வெற்றி. குருட்டாம்போக்கில் 25% வரும். 40 அமர்வில் 10. தற்செயலாக வரும் வாய்ப்பு 5%க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற வழக்கமான வரம்பை 15 வெற்றிகூடத் தாண்டாது, 16 வேண்டும். உண்மை விகிதம் 33% என்றால், அதை 80% வாய்ப்போடு பிடிக்க ஏறத்தாழ 200 அமர்வு தேவை. எண்ணிக்கையை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். நல்ல எண் வந்ததும் நிறுத்துவது மொத்தத்தையும் கெடுக்கும்.

பதில் (மறைகுறி):
நடுவருக்குக் கசியும் குறிப்புகள்தான் பெரிய ஆபத்து. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டார்க், புட்டாஃப் என்ற ஆய்வாளர்கள் நடத்திய ரிமோட் வியூயிங் சோதனைகளின் பதிவுகளில் முந்தைய இலக்குகளைப் பற்றிய பேச்சும் தேதிகளும் இருந்ததை மார்க்ஸ், கம்மான் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978இல் நேச்சர் இதழில் சுட்டிக்காட்டினர். அங்கே இலக்குகளாக இருந்த இடங்களின் வரிசை தெரிந்தால், அந்தக் குறிப்புகளை வைத்தே பதிவையும் இடத்தையும் இணைத்துவிடலாம்.

ஆகவே தேதி, அமர்வு எண், "நேற்று" போன்ற சொற்களை மூன்றாம் ஆள் நீக்கிவிட்டுத்தான் நடுவரிடம் தர வேண்டும். அந்த ஆளுக்கும் இலக்கு தெரியக்கூடாது. உறையில் இருந்த தாளையே நடுவருக்குக் காட்டாதீர்கள், மடிப்பும் கைரேகையும் காட்டிக்கொடுக்கும். தனிப் பிரதி வேண்டும். டிஜிட்டல் படமானால் கோப்புப் பெயர், திருத்திய நேரம், அளவு எல்லாம் ஒரேமாதிரி இருக்கட்டும்.

பதில் (பூட்டுசாவி):
நேர முத்திரையும் அவசியம். எழுதிய பதிவின் எஸ்எச்ஏ-256 ஹாஷை (கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி; ஓர் எழுத்து மாறினாலும் இது மாறிவிடும்) முதலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுங்கள். அதன்பின் இலக்கைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிமிடத்துக்கொரு முறை வெளியிடும் 512 பிட் தற்போக்கு எண்ணை 4ஆல் வகுத்த மீதியை வைத்து நான்கு படங்களில் ஒன்றை எடுத்தால் போதும். எந்த நிமிடத்து எண் என்பதையும் முன்பே எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் பிடித்த எண் வரும்வரை காத்திருந்தீர்கள் என்பார்கள்.

உறை முறையையே தொடர்வதானால், இலக்கோடு 32 எழுத்துள்ள தற்போக்குச் சரம் ஒன்றைச் சேர்த்து, அதன்பிறகே ஹாஷ் எடுத்து வெளியிடுங்கள்; உறையைப் பிரிக்கும்வரை அந்தச் சரம் ரகசியமாக இருக்கட்டும். சரம் சேர்க்காத வெறும் ஹாஷ் பூட்டே இல்லை. தொகுப்பில் 4 படம்தானே, நான்கையும் ஹாஷ் செய்து பார்த்தாலே எது இலக்கு என்று தெரிந்துவிடும்.

எழிலன்:
பாதியில் விட்ட அமர்வுகளை நீக்கலாமா?

பூட்டுசாவி:
கூடாது. தொடங்கும் முன்பே எண் கொடுங்கள். எழுதியது அரைப்பக்கமானாலும் நடுவரிடம் போகட்டும். எதுவுமே எழுதாவிட்டால் தோல்விக் கணக்கில் சேருங்கள். எண் வரிசையில் ஓர் இடம் விடுபட்டாலும், படிப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.